வெளிநாட்டுக் கடையில் எலக்ட்ரானிக் சாமான் வாங்கும் முன்: மலையகத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

முன்பெல்லாம் கொழும்பில் வேலை செய்யும் யாரிடமாவது சொல்லிவிட்டு, அவர் லீவில் வரும்வரை காத்திருந்து வாங்கிய சாமானை, இப்போது லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே சீனாவிலிருந்து வரவழைக்கிறோம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கமெல்லாம் கூரியர் வேன் வராத வாரமே இல்லை. இதில் தப்பொன்றும் கிடையாது, சில சாமான் பஜாரில் கிடைக்கவே கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரண்டு மடங்கு இருக்கும். ஆனால் முதல் தடவை வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவதும் எலக்ட்ரானிக் சாமானில்தான், அதனால் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பஜார் கடையில் வாங்கிய சார்ஜர் புகைந்தால் மறுநாள் காலையில் போய் கடை வாசலில் நிற்கலாம், நாலு பேர் முன்னால் சத்தம் போடலாம், கடைக்காரர் வெட்கப்பட்டாவது மாற்றித் தருவார். சீனாவின் ஷென்சென்னில் இருக்கிறவருக்கு உங்கள்மேல் எந்தப் பயமும் கிடையாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து உள்ளூர்க் கடையைப் பற்றி முறையிடலாம், ஆனால் அந்தச் சபையின் கை கடல் தாண்டி நீளாது. உங்கள் பணத்தைத் திருப்பித் தரக்கூடியது நீங்கள் வாங்கிய தளம் மட்டும்தான், அதுவும் அவர்கள் குறித்த நாளுக்குள், உங்களிடம் ஆதாரம் இருந்தால். அந்த நாள்கணக்குதான் உங்கள் வாரண்டி. கீழே சொல்லும் எல்லாப் படியும் அதைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான்.

படி 1: யார் விற்கிறார், எங்கிருந்து வருகிறது

உள்ளூர்த் தளத்தில் வாங்கினாலும் விற்பவர் உள்ளூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். டராஸ் தளத்தை 2018இல் சீனாவின் அலிபாபா நிறுவனம் வாங்கியது, அதில் சீனாவிலிருந்து நேராக வரும் சாமானும் உள்ளூர்ச் சாமானோடு சாமானாகப் பட்டியலில் நிற்கும். பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். வந்து சேரும் நாள் இரண்டு மூன்று வாரம் என்று போட்டிருந்தால், அல்லது ‘வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும்’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், அது கடல் கடந்து வருவதுதான். அலிஎக்ஸ்பிரஸ், ஈபே, டெமு போன்றவற்றில் இந்தக் குழப்பமே இல்லை, எல்லாமே வெளியிலிருந்து வருவதுதான்.

விற்பவரின் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், விமர்சனத்தைப் படியுங்கள். அதிலும் ஒன்று, இரண்டு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதையும், வாங்கியவர்களே எடுத்துப்போட்ட படங்களையும் முதலில் பாருங்கள். ஐந்து நட்சத்திரத்தில் பாதி, பார்சல் வந்த சந்தோஷத்தில் சாமானைச் செருகிக்கூடப் பார்க்காமல் போட்டது. இன்னொரு தந்திரமும் உண்டு. நன்றாக விற்ற ஒரு போன் கவரின் பக்கத்தையே மாற்றி, அதே பக்கத்தில் பவர் பேங்க் விற்பார்கள். விமர்சனமெல்லாம் ‘கலர் அழகாக இருக்கிறது, போனுக்குச் சரியாகப் பொருந்துகிறது’ என்று இருக்கும். அப்படிப் பார்த்தால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

தெரிவுகள் இருக்கும் இடத்தில் எதைத் தொட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். படத்தில் கேமரா இருக்கும், அதே பக்கத்தில் கேமரா, கேமராவின் பை, வெறும் கேபிள் என மூன்று தெரிவு இருக்கும், முன்னால் தெரிகிற மலிவு விலை அந்தக் கேபிளுக்கு உரியதாக இருக்கும். பலபேர் கேமரா என்று நினைத்து அந்தக் கேபிளைத்தான் வாங்குகிறார்கள்.

படி 2: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் போகிறது.

மெமரி காட், பென் டிரைவ். தலவாக்கலைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பையன் 2 டெராபைட் பென் டிரைவ் ஒன்றை மிக மலிவாக வரவழைத்து, கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குக் கொண்டுவந்திருந்தான். “அண்ணே, கொப்பி பண்ணும்போது எல்லாம் சரியாத்தான் போச்சு, இப்ப பார்த்தா பாதி வீடியோ திறக்குதே இல்ல” என்றான். கடைக்காரர் அதைச் செருகியதும் 2 டெராபைட் என்றுதான் காட்டியது. அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற இலவச மென்பொருளைப் போட்டு எழுத விட்டார். 30 கிகாபைட் சொச்சம் வரைக்கும் எழுதியதைத் திரும்ப வாசிக்க முடிந்தது, அதற்குப் பிறகு எல்லாமே பிழை. “தம்பி, உள்ளுக்க இருக்கிறது 32 தான். மேல ஒட்டின லேபிள்தான் ரெண்டு டெரா.”

நடப்பது இதுதான். உள்ளே இருக்கும் சிறிய சிப்பை, கேட்டால் பெரிய கொள்ளளவைச் சொல்லும்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். கொள்ளளவு முடிந்த பிறகும் அது ‘சரி, எழுதிவிட்டேன்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், உண்மையில் பழையதன் மேலேயே எழுதும் அல்லது எங்கும் எழுதாது. கோப்பின் பெயர் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் எங்கிருந்து வாங்கினாலும் சரி, வந்த அன்றைக்கே முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. பெரிய காட் என்றால் மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். கடைசியில் வரும் முடிவை அப்படியே படம் பிடித்து வையுங்கள், பணம் திரும்பக் கேட்கும்போது அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பவர் பேங்க். கரண்ட் போய்விட்டால் மழைக்காலத்தில் மறுநாள்தான் வரும் தோட்டங்களில் பவர் பேங்க் இல்லாமல் முடியாது, அதனால் இது அதிகம் விற்கும், அதனால் ஏமாற்றும் அதிகம். இதற்குத் தராசு போதும். பவர் பேங்குகளில் அதிகம் போடும் 18650 என்கிற உருளை செல் ஒன்று (18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம்) 45 முதல் 50 கிராம் வரை இருக்கும், அதில் நல்லதுக்கே 3,500 மில்லி ஆம்பியர் மணி சுற்றித்தான் பிடிக்கும். ஆகவே 20,000 என்று சொன்னால் உள்ளே ஆறு செல்லாவது வேண்டும், செல் மட்டுமே கிட்டத்தட்ட 300 கிராம், மூடி, பலகை எல்லாம் சேர்த்தால் அதற்கும் மேல். 50,000 என்று எழுதி, எடை 200 கிராம் என்று போட்டிருந்தால் கணக்கு நீங்களே போடுங்கள். 9,900 என்று அச்சடித்த ஒற்றை 18650 செல்லும் விற்கிறார்கள், அப்படி ஒரு செல் உலகத்தில் கிடையாது.

நல்ல பவர் பேங்காக இருந்தாலும் பெட்டியில் எழுதியது முழுதாகப் போனுக்குள் ஏறாது. செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். 20,000ஐ அப்படி மாற்றினால் 14,800, வழியில் வெப்பமாகப் போவதையும் கழித்தால் 12,000 அல்லது 13,000 வந்தாலே நல்லது. இதைத் தெரியாமல் நல்ல விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

லித்தியம் பற்றரி ஆபத்தான சரக்காகவே கணக்கில் எடுக்கப்படுகிறது. 2016 ஏப்ரல் முதல் தனியான லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. அதனால் சில விற்பவர்கள் பார்சலில் ‘பிளாஸ்டிக் சாமான்’ என்று பொய் எழுதி அனுப்புவார்கள். பிடிபட்டால் பார்சல் நடுவழியில் நின்றுவிடும், உங்களுக்கு எதற்கு நின்றது என்றுகூடத் தெரியாது. பவர் பேங்கை இங்கேயே, பில்லோடு, வாரண்டியோடு வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. கொஞ்சம் கூடத்தான் போகும், போகட்டும். லயத்துக் காம்பராவில் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போடும் சாமான் அது.

போன். வெளிநாட்டிலிருந்து தனியாகப் போன் வரவழைக்க வேண்டாம் என்பேன். காரணம் ஒன்றல்ல. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி இறுதியிலிருந்து பிடியை இறுக்கிவிட்டது: அதற்கு முன்பே இங்கே சிம் போட்டுப் பாவித்துக்கொண்டிருந்த போன்களுக்குப் பிரச்சினை இல்லை, புதிதாக வருவதற்கு ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். அது இல்லாத போன் வந்தால் ஆணைக்குழுவிடம் நீங்கள்தான் அலைய வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சீனாவுக்கென்று செய்த ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பிளே இருக்காது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக்கு மட்டும் பூட்டிய போனும், முந்தைய சொந்தக்காரரின் ஐகிளவுட் (ஆப்பிள் கணக்கு) பூட்டு கழற்றாத போனும் ‘புதியது போல’ என்ற பெயரில் ஏராளமாக விற்கின்றன. இங்கே கடையில் வாங்கும்போதும் போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை எடுத்து, ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பி, அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால், கடைக்குள் நின்றபடியே. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்ணையும்.

சிக்னல் பூஸ்டர். மலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் போன் பேச மேட்டு ரோட்டுக்கு ஏற வேண்டியிருக்கிறது, அதனால் இதைத் தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ஆனால் இது அலை பரப்பும் கருவி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அப்படியொன்றை உரிமம் இல்லாமல் வைத்திருக்கவோ பாவிக்கவோ முடியாது. சுங்கத்தில் பிடித்தால் போனது போனதுதான், பிடிக்காமல் வந்து மாட்டினாலும் மட்டமான பூஸ்டர் பக்கத்திலுள்ள கோபுரத்தைக் குழப்பி முழு டிவிஷனுக்கும் சிக்னலைக் கெடுக்கும். வாக்கி டாக்கிக்கும் இதே கதைதான்.

டிவி பெட்டி. எல்லாத் தமிழ்ச் சேனலும் இலவசம் என்று விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளில் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) ஏற்றப்பட்டு வருகிறது. இப்படிப்பட்ட பெட்டிகளைக் கொண்ட ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற வலைப்பின்னலைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரிக்கையே விட்டது. அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வைஃபையில் உட்கார்ந்து, உங்கள் இணைய இணைப்பின் வழியாக வேறொருவனின் களவு வேலையைச் செய்யும். அதே வைஃபையில்தான் நீங்கள் பேங்க் ஆப்பையும் திறக்கிறீர்கள்.

சீனி அளக்கும் கைக்கடிகாரம். ஊசி குத்தாமல் இரத்தத்தில் சீனி பார்க்கும் என்று சொல்லும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் சொன்னது. அப்படி அளக்க அவர்கள் எந்தக் கடிகாரத்துக்கும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. சீனி வருத்தம் இருக்கிற அம்மாவுக்கு அன்பாக வாங்கிக்கொடுக்கிறீர்கள், அது சும்மா ஒரு எண்ணைக் காட்டும், அம்மா அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும்? இதில் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? கேபிள், போன் கவர், திருத்துவதற்கான சின்ன ஸ்குரூ டிரைவர் செட், அளவுக் கருவிகள், ஆர்டுயினோ மாதிரிப் படிக்கிற பிள்ளைகளுக்கான எலக்ட்ரானிக் பலகைகள், பழைய போனுக்கு இங்கே கிடைக்காத உதிரிப்பாகம். உடைந்து வந்தாலும், வராமலே போனாலும் அன்றைய சாப்பாட்டில் கை வைக்காத விலைக்குள் இருப்பவை. முதல் தடவை இப்படி ஒன்றை வாங்கி, பார்சல் உங்கள் கைக்கு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

சுவரில் செருகுவது எதுவானாலும் கரண்ட் விவரத்தைப் பாருங்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடப்டரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை, மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் எரியும்போது வோல்ட் இறங்கும் லயங்களிலும் அது தாக்குப்பிடிக்கும். 110 வோல்ட் என்று மட்டும் இருந்தால் செருகிய உடனேயே புகை. ப்ளக்கும் அமெரிக்கத் தட்டை முனையா, ஐரோப்பிய உருண்டை முனையா, நமது 13 ஆம்பியர் சதுர முனையா என்று பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். மாற்றி ப்ளக் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ஹீட்டர் மாதிரிக் கரண்ட் அதிகம் இழுப்பதற்கு அந்த இரண்டு முனை மாற்றி ப்ளக் ஆகவே ஆகாது. நுவரெலியாக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும்தான், கடையிலேயே வாங்குங்கள்.

படி 3: திரையில் தெரியும் விலை உங்கள் விலையல்ல

சுங்கம் சாமானின் விலையை மட்டும் பார்க்காது. அனுப்பும் செலவு, காப்புறுதி எல்லாம் கூட்டித்தான் மதிப்புப் போடும். அதன்மேல் சாமானின் வகையைப் பொறுத்து இறக்குமதித் தீர்வை, இன்னும் சில வரிகள், எல்லாவற்றுக்கும் மேலே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி. போனுக்கு ஒரு கணக்கு, கேபிளுக்கு வேறு கணக்கு. இந்த விகிதங்கள் அடிக்கடி மாறுகிறவை, ஆகவே பெரிய சாமான் என்றால் சுங்கத் திணைக்களத்தின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். சில தளங்கள் வரியையும் சேர்த்தே காசு எடுக்கும், சில எடுக்காது. பணம் கட்டும் பக்கத்தில் வரிக்கென்று தனித் தொகை காட்டியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வரியை இரண்டு தடவை கட்ட நேரிடும்.

‘பரிசுப் பொருள், 5 டொலர்’ என்று எழுதி அனுப்புகிறேன் என விற்பவர் ஆசை காட்டுவார். சம்மதிக்காதீர்கள். சுங்க அதிகாரிகளுக்கு ஒரு டேப்லெட் என்ன விலை என்று தெரியாதா? அதோடு பார்சல் தொலைந்தால் நீங்கள் நஷ்டஈடு கேட்கும்போது அந்த 5 டொலர்தான் கணக்கில் நிற்கும்.

பேங்கின் டொலர் விலையும் கூகுளில் தெரிகிற டொலர் விலையும் ஒன்றல்ல, வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்கென்று தனிக் கட்டணமும் இருக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பல சாமான் ஹட்டன் விலைக்கே வந்து நிற்கும், வாரண்டியும் இல்லாமல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பஜாருக்கே போனவர்கள் உண்டு.

படி 4: பணம் கட்டுவதும் முகவரி எழுதுவதும்

பணத்தை பேங்க் காட் மூலம் கட்டுங்கள், தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். ‘வாட்ஸ்அப்பில் வாருங்கள், நேரடியாக அனுப்பினால் 20 வீதம் குறைத்துத் தருகிறேன்’ என்று எந்த விற்பவர் கேட்டாலும் அத்தோடு அவரை விட்டுவிடுங்கள். தளத்துக்கு வெளியே போன காசை யாராலும் மீட்டுத் தர முடியாது. பேங்க் டெபிட் காட் பலவற்றில் வெளிநாட்டு இணையக் கொள்வனவு மூடியே இருக்கும், பேங்கிடம் சொல்லித் திறக்க வேண்டும். சம்பளம் விழும் கணக்கின் காட்டைப் போடாமல், தனியாக ஒரு கணக்கில் தேவையான காசை மட்டும் மாற்றி அந்தக் காட்டைப் பாவியுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ‘கூரியரிலிருந்து பேசுகிறோம்’ என்று கேட்டாலும் சொல்லக் கூடாது.

முகவரி விஷயம் கொழும்புக்காரர்களுக்குப் புரியாது, நமக்குத்தான் புரியும். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் பார்சல் தோட்டத்து ஆபிஸுக்குப் போய் எங்கேயாவது மூலையில் கிடக்கும், அல்லது அதே பெயருள்ள வேறு தோட்டத்துக்குப் போகும். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், பக்கத்து டவுன், அஞ்சல் குறியீடு (ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பண்டாரவளை 90100), போன் எண் எல்லாம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில். அதைவிட நல்லது, டவுனில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டு அந்த முகவரியைப் போடுவது. கூரியர் பையன் மழையில் மேல்பிரிவு வரைக்கும் ஏறி வர மாட்டான், ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவான்.

பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். நம் ஆட்களின் பெயரை அடையாள அட்டையில் எப்படியெல்லாம் குதறி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரில் பார்சல் வந்து, அட்டையில் வேறு பெயர் இருந்தால், தபாலகத்தில் கையெழுத்துப் போட்டு எடுப்பது பெரும்பாடு.

படி 5: காத்திருக்கும் காலம்

கண்காணிப்பு இலக்கம் தருவார்கள். பதிவுத் தபாலில் வந்தால் அது இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று இருக்கும். அது இருந்தால் இலங்கைத் தபாலின் தளத்திலும் தேடலாம்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆர்டர் பக்கத்தில் பாதுகாப்புக் காலம் (பணத்தைத் திரும்பக் கேட்கத் தளம் தரும் அவகாசம்) எத்தனை நாள் மிச்சம் என்று காட்டும், அது முடிவதற்கு ஒரு வாரத்துக்கு முந்தைய திகதியை போனில் அலாரமாகப் போட்டு வையுங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ வரும், அப்போது அங்கே தொழிற்சாலையும் இல்லை, பார்சல் கட்டவும் ஆளில்லை. அந்த நேரத்தில் ஆர்டர் போட்டுவிட்டு விற்பவரைத் திட்டிப் பயனில்லை. நவம்பர் 11 பெரிய மலிவு விற்பனைக்குப் பிறகும் இதே நெரிசல்தான். அந்த மலிவு பெரும்பாலும் தீபாவளி முற்பணம் கரைந்த பிறகுதான் வருகிறது என்பது நம் தலைவிதி.

தாமதம் ஆகும்போது விற்பவர் ரொம்பப் பணிவாக எழுதுவார். ‘அன்பான நண்பரே, இன்னும் பத்து நாள் பொறுங்கள், முறைப்பாடு போட வேண்டாம், போட்டால் எங்கள் கடைக்குக் கஷ்டம்.’ பாவமாக இருக்கும். அந்தப் பத்து நாளில் உங்கள் பாதுகாப்புக் காலம் முடிந்துவிடும், அவருக்குத் தேவையும் அதுதான். பாதுகாப்புக் காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள், அது தளத்தில் பதிவாக வேண்டும். நீட்டவில்லையா, முறைப்பாட்டைப் போட்டுவிடுங்கள். சாமான் கைக்கு வருமுன் ‘கிடைத்தது’ என்ற பொத்தானை யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள்.

படி 6: பார்சலைத் திறப்பது

ஆசையில் கிழித்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் ஒரு சாக்கை விரித்து, பார்சலை வைத்து, இன்னொருவரைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதலில் லேபிளும் கண்காணிப்பு இலக்கமும் தெளிவாகத் தெரிய வேண்டும், பிறகு ஆறு பக்கமும், பிறகு வெட்டுவது, பிறகு உள்ளே இருப்பது, பிறகு அதை இயக்கிப் பார்ப்பது. நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக. நிறுத்தி எடுத்தால் ‘இடையில் நீங்கள் மாற்றிவிட்டீர்கள்’ என்பார்கள். வீட்டில் தராசு இருந்தால் திறக்கும் முன் எடையும் பாருங்கள். டேப்லெட் ஆர்டர் போட்டவருக்கு வெறும் கண்ணாடிக் கவர் வந்த கேஸில், லேபிளில் இருந்த 60 கிராமே போதிய சாட்சியாகிவிடும்.

கூரியர்காரர் கையில் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் முறையில் வாங்கினால் திறந்து பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. அவரோடு சண்டை போடாதீர்கள், அவர் பாவம் கொண்டுவந்து தருகிறவர்தான்.

நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். மூடுபனியில் பைக்கில் வந்த பார்சலைப் பிரித்த கையோடு கரண்டில் செருக வேண்டாம், சாமானை ஒரு மணிநேரமாவது காய்ந்த அறையில் விடுங்கள். மாலையில் இடி முழங்கும் ஏப்ரல், ஒக்டோபர் காலத்தில் புதுச் சாமானைச் செருகியே விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

படி 7: சாமான் பிழை என்றால்

முதல் செய்தியே தளத்தின் உள்பெட்டியில் போக வேண்டும். சுருக்கமாக எழுதுங்கள்: என்ன ஆர்டர் போட்டேன், என்ன வந்தது, என்ன வேண்டும். இங்கிலீஷ் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, படம் பேசும். கோபத்தில் கெட்ட வார்த்தை எழுதாதீர்கள், பிறகு தளத்து ஆள் இரண்டு பக்கத்தையும் படிக்கும்போது அது உங்களுக்குத்தான் பாதகம்.

நாள்கணக்கு இப்படி. ஈபேயில் சாமான் கிடைத்ததிலிருந்து பொதுவாக 30 நாள். அலிஎக்ஸ்பிரஸில் ஆர்டர் முடிந்ததாகக் காட்டிய பிறகும் 15 நாள் வரை முறைப்பாடு போடலாம். பேபாலில் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாள். இவை எதுவும் சரிவராவிட்டால் காட் தந்த பேங்கிடம் எழுத்தில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்காட் விதிகளில் இதற்குப் பெரும்பாலும் 120 நாள்தான் அவகாசம். கிளையில் இருக்கிறவருக்கு அது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம், காட் பிரிவைக் கேளுங்கள்.

விற்பவர் முதலில் பத்து வீதம் தருகிறேன் என்பார், பிறகு இருபது. சாமான் பாவிக்கக்கூடியதாக இருந்தால் பேரம் பேசி எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. போலி மெமரி காட் மாதிரி ஒன்றுக்கும் உதவாதது என்றால் முழுப்பணம் என்பதிலேயே நில்லுங்கள். ‘முறைப்பாட்டை முதலில் வாபஸ் வாங்குங்கள், பிறகு பணம் போடுகிறேன்’ என்றால், மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பல தளங்களில் ஒரு தடவை வாபஸ் வாங்கியதை மறுபடி திறக்க முடியாது. சாமானைத் திருப்பி அனுப்பு என்பார்கள், சீனாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவு பல நேரம் சாமானின் விலையை விடக் கூட. திருப்பி அனுப்பும் செலவை யார் கட்டுவது என்று தளம் எழுத்தில் சொல்லும்வரை தபாலகத்துக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, பார்சல் குறுஞ்செய்தி

நீங்கள் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் பார்த்து, இலங்கைத் தபாலின் பெயரில் ஒரு செய்தி வரும்: ‘உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, முகவரி பிழை, சிறு கட்டணம் செலுத்துங்கள்’, கீழே ஓர் இணைப்பு. ஆர்டர் போடாதவர்களுக்கும்தான் வருகிறது, ஆனால் காத்திருக்கிறவர்தான் பதறிப்போய்த் தொடுவார். உள்ளே போனால் தபால் திணைக்களத்தின் சின்னத்தோடு பக்கம் அச்சு அசலாக இருக்கும், கேட்கிற காசும் அற்பமாக இருக்கும். அவர்களுக்கு அந்தக் காசு தேவையில்லை, காட் எண்ணும் ஓ.டி.பி.யும்தான் தேவை. கண்காணிப்பு இலக்கத்தை நீங்களே தபால் திணைக்களத்தின் தளத்தில் அடித்துப் பாருங்கள், அல்லது பக்கத்துத் தபாலகத்தில் போய்க் கேளுங்கள். காட் விவரத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே பேங்கின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்துக் காட்டை நிறுத்தச் சொல்லுங்கள், அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கும் ஒரு கோல் போடுங்கள்.